மாநாட்டுக்கு முதலில் பணமா, அப்ஸ்ட்ராக்டா?

"முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. நொதிகளைக் கொண்டு கரிமச் சேர்மங்கள் தயாரிப்பது என் வேலை, கட்டுரை எதுவும் இன்னும் வெளிவரவில்லை. உயிரித் தொழில்நுட்பமும் வேதியியலும் சேர்ந்த ஒரு சர்வதேச மாநாட்டில் பேச வரச்சொல்லி மெயில் வந்திருக்கிறது. ஒரு வாரத்துக்குள் பதிவு செய்தால் சலுகையாம். முதலில் பணம் கட்ட வேண்டுமா, அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்ப வேண்டுமா? விசாவுக்கான கடிதம் எப்போது தருவார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். கட்டுரையே வராத ஒருவரைப் பேச்சாளராகக் கூப்பிட்டு, அதே மெயிலில் கட்டணம் செலுத்தும் சுட்டியையும் வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். 2016-இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் பார்ட்னெக் இப்படி ஓர் அழைப்பு வந்ததும், தன் துறைக்குச் சம்பந்தமே இல்லாத அணு இயற்பியலில், ஆப்பிள் கீபோர்டு தானாக எடுத்துக்கொடுத்த சொற்களையே வரிசையாகத் தட்டி ஒரு அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிப் பார்த்தார். மூன்று மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அப்புறம் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் கட்டச் சொன்னார்கள். இது விளையாட்டாகச் செய்தது, ஆனால் விஷயம் நீதிமன்றம் வரை போன வழக்குகளும் உண்டு: ஆய்விதழ்களும் மாநாடுகளும் நடத்திய ஓமிக்ஸ் நிறுவனம் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டும்படி தீர்ப்பானது. வர ஒப்புக்கொள்ளாத விஞ்ஞானிகளின் பெயரைப் போட்டு மாநாடுகளுக்கு விளம்பரம் செய்தார்கள் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு.

அதனால் சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அமைப்புக் குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவரைப் பிடித்து, அந்த மாநாட்டுத் தளத்தில் கொடுத்திருக்கும் முகவரிக்கு அல்ல, அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு, "நீங்கள் இதில் இருக்கிறீர்களா" என்று இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். போன தடவை நடந்ததற்கான அப்ஸ்ட்ராக்ட் தொகுப்பு கிடைக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஹோட்டலில், ஒரே தேதியில், பல் மருத்துவம் முதல் பாலிமர் வரை பத்து "உலக மாநாடுகள்" நடந்தால் யோசிக்கவே வேண்டாம், மெயிலை அழித்துவிடலாம்.

சரி, மாநாடு நியாயமானதுதான் என்று தெரிந்துவிட்டது. வழக்கமான வரிசை இதுதான்: அப்ஸ்ட்ராக்ட், ஏற்பு, அப்புறம் பதிவு. அப்ஸ்ட்ராக்டுக்கான கடைசி நாள் பதிவுக்கான கடைசி நாளுக்குப் பல வாரங்கள் முன்னால் வரும், புதிதாகப் போகிறவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். ஏற்பு வந்த பிறகும் வேலை முடியவில்லை, பேசப்போகிறவர் குறிப்பிட்ட தேதிக்குள் பதிவு செய்யாவிட்டால் நிகழ்ச்சி நிரலிலிருந்து பெயரை எடுத்துவிடும் மாநாடுகள் நிறைய. கார்டன் ஆய்வு மாநாடுகள் மாதிரி சிலவற்றில் வெறுமனே கலந்துகொள்ளவே விண்ணப்பித்து, தேர்வான பின்தான் பணம் கட்ட முடியும். சலுகைத் தேதி ஏற்பு முடிவுக்கு முன்பே முடிந்தால், அப்ஸ்ட்ராக்ட் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா என்பதை விதிகளில் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

மாணவர் பிரிவில் பதிவு செய்யுங்கள், கைடிடமிருந்து சான்று கேட்பார்கள். நடத்துவது ஒரு சங்கம் என்றால் அதில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு உறுப்பினர் கட்டணத்தில் பதிவு செய்வது பல நேரம் மொத்தத்தில் குறைவாகவே வரும். சில மாநாடுகளில் பயண உதவித்தொகை பதிவுப் படிவத்தில் இருக்காது, அப்ஸ்ட்ராக்ட் படிவத்திலேயே ஒரு சின்னக் கட்டமாக இருக்கும், டிக் போட மறந்தால் போச்சு.

உங்கள் வேலை நொதி என்பதால் ஒன்றை அழுத்தியே சொல்கிறேன். புதிய நொதி வரிசையோ, சேர்மத்தின் அமைப்போ, வினை நிபந்தனைகளோ காப்புரிமைக்குப் போகக் கூடியதாக இருந்தால் அப்ஸ்ட்ராக்டை அனுப்பும் முன் கைடிடம் கேட்டே ஆக வேண்டும். ஐரோப்பிய முறையில் விண்ணப்பத் தேதிக்கு முன்னால் நீங்களே வெளியில் சொன்னாலும் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடும், அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. நீங்கள் மேடையேறும் நாள்தான் வெளியீட்டு நாள் என்று நினைத்துவிடாதீர்கள், அப்ஸ்ட்ராக்ட் தொகுப்பு பெரும்பாலும் அதற்கு முன்பே இணையத்தில் வந்துவிடும். விண்ணப்பம் போடும்வரை அமைப்பைக் காட்டாமல், விளைச்சல் சதவீதத்தையும் வினையின் வகையையும் மட்டும் சொல்லி எழுதலாமா என்று காப்புரிமை பார்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்கான அழைப்புக் கடிதம் பெரும்பாலும் கட்டணம் கட்டிய பின்தான் வரும். பதிவில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இனிஷியல் விரித்து எழுதுங்கள், கடிதத்தில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இருந்து திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கட்டும் முன்பே கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் இடையில் இருக்கும் வங்கிகளின் கட்டணத்தையும் நீங்களே ஏற்பதாகக் குறிப்பிடுங்கள், தொகை குறைவாகப் போய்ச் சேர்ந்தால் பதிவு நிலுவையிலேயே நிற்கும்.

இன்னொன்று, நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயர் வந்த சில நாட்களில் "மாநாட்டு விடுதிப் பிரிவு" என்று சொல்லிக்கொண்டு யாராவது போன் செய்து கார்டு எண் கேட்கலாம். அறையை மாநாட்டுத் தளத்தில் இருக்கும் சுட்டி வழியாகவோ நேரடியாக ஹோட்டலிலோ மட்டும் பதிவு செய்யுங்கள்.