1936 ஜப்பான் பொதுத் தேர்தல்: கேள்வி பதில்

ஐயா, 1928, 1930, 1932, 1936 ஆகிய நான்கு தேர்தல்களும் பிப்ரவரி 20 அன்றே நடந்திருக்கின்றன. ஏன் அந்தத் தேதி?

அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் டிசம்பர் கடைசியில் தொடங்கும். புத்தாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி 20-ஐ ஒட்டி அவை மறுபடி கூடும். அரசுக்கும் அவைக்கும் மோதல் வெடிப்பது அப்போதுதான். நான்கு முறையும் ஜனவரி 21 அன்று அவையைக் கலைத்தார்கள். கலைத்த 30 நாளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே கடைசி நாள் பிப்ரவரி 20. 1936-ல் அவையின் நான்காண்டுக் காலமே முடியும் தறுவாயில் இருந்தது. இரு பெரிய கட்சிகளில் ஒன்றான செய்யூகாய் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்ததும் பிரதமர் ஒகாடா கெய்சுகே கலைத்துவிட்டார்.

யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது? ராணுவத்தினர் கூட்டமாகப் போய் ஓட்டுப் போட்டார்களா?

ராணுவத்தில் பணியில் இருந்தவர்களுக்கு ஓட்டே கிடையாது. 1925-ம் ஆண்டுச் சட்டப்படி 25 வயது நிறைந்த ஆண்களுக்கு வாக்குரிமை. போட்டியிட 30 வயது ஆகியிருக்க வேண்டும். வறுமை நிவாரணம் பெற்று வாழ்ந்தவர்களுக்கும் பிரபுக் குடும்பங்களின் தலைவர்களுக்கும் இந்த உரிமை இல்லை. அப்போது ஜப்பானின் காலனிகளாக இருந்த கொரியா, தைவான் இரண்டிலும் தொகுதிகளே கிடையாது. ஆனால் ஜப்பானில் குடியிருந்த கொரிய ஆண்களின் பெயர் பட்டியலில் ஏறும். கொரிய எழுத்தில் எழுதிய வாக்கும் 1930 முதல் செல்லும். தோக்கியோவில் 1932-லும் 1937-லும் பாக் சுன்-கும் என்ற கொரியர் வென்றிருக்கிறார்.

பெண்கள்?

1945 டிசம்பர் வரை இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமாவது அனுமதிக்கலாம் என்று 1931-ல் வந்த மசோதா கீழவையைத் தாண்டி மேலவையில் விழுந்தது. முதல் வாக்கு 1946 ஏப்ரல் 10-ல்.

வாக்குச்சீட்டில் சின்னம் இருந்ததா?

சின்னமும் இல்லை, அச்சிட்ட பெயரும் இல்லை. வெற்றுச் சீட்டில் வேட்பாளர் ஒருவரின் பெயரை வாக்காளர் தம் கையால் எழுத வேண்டும். பார்வையற்றோர் பிரெயில் எழுத்தில் பதிவு செய்யலாம். பெயரோடு தொழில், ஊர், மரியாதை அடைமொழி சேர்த்து எழுதினால் செல்லும். வேறு எதையாவது கிறுக்கினால் செல்லாது. இரண்டு பெயர் எழுதினாலும் செல்லாது. எழுதவே தெரியாதவர் வாக்களிக்க வழியில்லை.

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பது தடை செய்யப்பட்டிருந்தது. வேட்பாளர் 2,000 யென் வைப்புத்தொகை கட்ட வேண்டும். செல்லுபடியான மொத்த வாக்கைத் தொகுதியின் இடங்களால் வகுத்து, அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாவிட்டால் பணம் போய்விடும். கையில் காசில்லாத தொழிலாளர் கட்சிகளை மிரட்டவே இந்தத் தொகை உதவியது.

ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர், ஆனால் ஆளுக்கு ஒரே ஓட்டு. இது எப்படி வேலை செய்தது?

கட்சிகளின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த முறைதான். மொத்தம் 122 தொகுதிகள், 466 இடங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து இடமுள்ள தொகுதி, 1,00,000 வாக்கு. 16,667 பெற்றவர் தோற்க முடியாது, ஏனென்றால் ஆறு பேருக்கு அவ்வளவு வாக்கு வராது. உங்கள் கட்சிக்கு 52,000 வாக்கு என்று வையுங்கள். மூன்று பேரை நிறுத்தி ஆளுக்கு 17,300 வீதம் பிரித்தால் மூவரும் உள்ளே. பேராசைப்பட்டு நால்வரை நிறுத்தி, ஆளுக்கு 13,000 என்று சிதறினால்? 48,000 உள்ள எதிர்க்கட்சி மூவருக்கு 16,000 வீதம் பிரித்துக்கொண்டு மூன்று இடத்தைப் பிடித்துவிடும். பெரும்பான்மை வாக்கு உங்களிடம், பெரும்பான்மை இடம் அவர்களிடம். ஒரே பிரபலம் 32,000-ஐ வாரிக்கொண்டு, மற்ற இருவருக்குத் தலா 10,000 விட்டாலும் இதே கதிதான்.

அதனால் கட்சிகள் தொகுதியை வட்டாரம் வட்டாரமாகத் தம் வேட்பாளர்களுக்குள் பாகம் பிரித்தன. அந்த எல்லையைக் காக்க உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் தரகர்களும் தேவைப்பட்டார்கள். பணம் புகுந்த வழி அது. 1935-ல் உள்துறை அமைச்சகம் தொடங்கிய 'தேர்தல் தூய்மை' இயக்கம் வாக்கு விற்பனைக்கு எதிராகப் பேசியது. பேசியதில் தவறில்லை. ஆனால் கட்சி என்றாலே அழுக்கு என்ற எண்ணத்தை ஊர் ஊராகப் பரப்பி, அதிகாரிகளின் கையை ஓங்கச் செய்தது பெரும் கேடு.

1936-ல் மக்கள் ராணுவத்தின் பக்கம் சாய்ந்தார்கள் என்பது சரியா?

சரியல்ல. 1932-ல் 301 இடம் வென்ற செய்யூகாய் 170 சொச்சத்துக்கு இறங்கியது. 146 இடம் பெற்றிருந்த மற்றொரு பெரிய கட்சி மின்செய்தோ 205-க்கு ஏறியது. ஷாகாய் தைஷூதோ என்ற தொழிலாளர் கட்சிக்கு 18 இடம். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 78-க்கு மேல். செய்யூகாய் தலைவர் சுஸுகி கிசாபுரோ கனகாவாவில் தம் சொந்த இடத்தையே இழந்தார். அரசியல் சட்டத்துக்குள் சக்கரவர்த்தியும் அரசின் ஓர் உறுப்பே என்று சொன்ன பேராசிரியர் மினோபே தத்சுகிச்சியை 1935-ல் வேட்டையாடியதில் அந்தக் கட்சியும் சேர்ந்துகொண்டது. நாடாளுமன்ற ஆட்சிக்கு நியாயம் சொன்ன கோட்பாட்டை ஒரு நாடாளுமன்றக் கட்சியே வெட்டியது மன்னிக்க முடியாத செயல்.

பிறகு ஏன் எதுவும் மாறவில்லை?

ஆறே நாளில், பிப்ரவரி 26 விடியலில், இளம் ராணுவ அதிகாரிகள் படையோடு தோக்கியோவின் மையத்தைக் கைப்பற்றினார்கள். நிதியமைச்சர் தகாஹாஷி கொரெகியோவும் முன்னாள் பிரதமர் சைதோ மகோதோவும் கொல்லப்பட்டார்கள். ஒகாடா என்று நினைத்து அவருடைய மைத்துனரைச் சுட்டார்கள். கிளர்ச்சி நாலு நாளில் அடங்கியது. பலன் ராணுவத் தலைமைக்குப் போனது.

கிளர்ச்சி மட்டும் காரணமல்ல, சட்ட அமைப்பே அப்படி. அன்றைய அரசியல் சட்டத்தில் பிரதமரை அவை தேர்ந்தெடுக்கவில்லை. முதுபெரும் தலைவர் சையோன்ஜி பரிந்துரைக்க, சக்கரவர்த்தி நியமிப்பார். பட்ஜெட்டை அவை நிராகரித்தால் 71-வது பிரிவின்படி போன ஆண்டு பட்ஜெட்டே தொடரும். படைகளின் தலைமை 11-வது பிரிவின்படி சக்கரவர்த்தியிடம், ஆக அவைக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. 1936 மே மாதம், ராணுவ அமைச்சர் பணியில் உள்ள தளபதியாகவே இருக்க வேண்டும் என்ற விதி திரும்ப வந்தது. ராணுவம் ஆள் தர மறுத்தால் அமைச்சரவையே அமையாது. 1937 ஜனவரியில் பிரதமராக அழைக்கப்பட்ட உகாகி கசுஷிகேயால் அமைச்சரவை அமைக்க முடியாமல் போனது இப்படித்தான்.

அடுத்த தேர்தலில் வாக்காளர்கள் மனம் மாறினார்களா?

இல்லை. 1937 மார்ச்சில், அப்போது பிரதமராக இருந்த தளபதி ஹயாஷி செஞ்ஜூரோ பட்ஜெட் நிறைவேறிய கையோடு அவையைக் கலைத்தார். ஏப்ரல் 30 தேர்தலில் மின்செய்தோ 179, செய்யூகாய் 175. ஷாகாய் தைஷூதோ ஏறக்குறைய இருமடங்கானது. அரசை ஆதரித்தவர்கள் சொற்பம். மே 31-ல் ஹயாஷி பதவி விலகினார்.