வெளியுறவுக் கொள்கையில் விழுமியங்களுக்கு இடமுண்டா, தேசநலன் மட்டும்தானா?

நாடுகளுக்கிடையே நியாயம் பேசுவது சிறுபிள்ளைத்தனம் என்று யாரோ உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். எனக்கும் அது நேர்ந்தது.

முதுகலை படித்தபோது ஒரு கருத்தரங்கில் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிரான பொருளாதாரத் தடைகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். விடுதலைக்கு முன்பே, 1946இல், தன் ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 சதவீதத்தை இழந்து இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை முறித்துக்கொண்டதையும், 1986இல் அதிபர் ரீகனின் வீட்டோவை மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்ததையும் விளக்கிக்கொண்டிருந்தேன். தலைமை வகித்த பேராசிரியர் இடைமறித்து, நிரந்தர நண்பர்களோ பகைவர்களோ இல்லை, நலன்களே நிரந்தரம் என்ற, 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனின் புகழ்பெற்ற கூற்றைச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்.

அன்று மாலையே நூலகத்தில், 1848 மார்ச் 1 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் பாமர்ஸ்டன் ஆற்றிய அந்த உரையைத் தேடி எடுத்தேன். அந்த வரியின் கீழ் மட்டும் யாரோ பென்சிலால் கோடிட்டிருந்தார்கள். அதற்குச் சற்று மேலே, கோடு படாத வரிகளில், இங்கிலாந்தின் உண்மையான கொள்கை நீதிக்கும் நியாயத்துக்கும் துணைநிற்பதே என்றும், அப்படி நிற்கும்வரை அது முற்றிலும் தனித்துவிடப்படாது என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அபினி வணிகத்துக்காகச் சீனா மீது பிரிட்டன் தொடுத்த அபினிப் போர் தொடங்கியபோது வெளியுறவு அமைச்சராக இருந்தவரும் இவர்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆம், இவர்தான், நான் அவரை உத்தமராக்க முயலவில்லை. நாட்டின் தனிப்பட்ட அரசியல், வணிக நலன்கள் நீங்கலாக என்ற விலக்கையும் அவர் அதே வாக்கியத்தில் வைத்திருக்கிறார், அபினிப் போர் அந்த விலக்கின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆனால் 1850இல் பிரேசில் துறைமுகங்களுக்குள் பிரிட்டிஷ் கடற்படை புகுந்து அடிமைக் கப்பல்களைப் பிடித்ததும் அவருடைய பொறுப்புக்காலத்தில்தான்.

நலன் என்று சொல்லும்போது அது யாருடைய நலன் என்பதை எவரும் விளக்குவதில்லை என்பதே என் மனக்குறை. 2015இல் சவூதி அரேபியாவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை, மனித உரிமைகளை முன்னிட்டு, சுவீடன் புதுப்பிக்கக் கூடாது என்ற பேச்சு எழுந்தபோது, 30க்கும் மேற்பட்ட தொழில்துறைத் தலைவர்கள் புதுப்பிக்க வேண்டுமென்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அரசு புதுப்பிக்கவில்லை, சவூதி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, சுவீடன் நாட்டு வணிகர்களுக்கு விசா வழங்குவதையும் நிறுத்தியது. அந்தத் தலைவர்களின் இழப்பு மெய்யானதே. ஆயினும் ஒப்பந்தம் வேண்டாமென்று குரல் கொடுத்தவர்களும் அதே நாட்டின் குடிமக்கள்தாம். அவர்கள் விரும்பியதைத் தேசநலன் என்ற கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அந்த உரைப் பகுதியை நகலெடுத்துப் பேராசிரியரிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். கருத்தரங்கத் தொகுப்பு வெளிவந்தபோது அதில் என் கட்டுரை இல்லை.