கை தானாக நெற்றிக்குப் போகிறது

கேள்வி: எனக்கு 36 வயது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். கல்லூரி நாட்களில் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பத்து வருடமாகப் பூசைக்குப் போவதில்லை. ஆனால் பஸ் ஒரு கோயிலைத் தாண்டினால் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போடுகிறது. பெரிய வெள்ளியன்று கறி தொண்டையில் இறங்குவதில்லை. சின்னப் பொய் சொன்னாலும் ராத்திரி தூக்கம் வராது. என் கணவர் இந்து. "அப்போ நீ யாருதான்?" என்று கேட்கிறார். பதில் தெரியவில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லையே என்று அம்மா போனில் தினமும் அழுகிறார். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை என் கையும்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. இன்று எனக்கு 67 வயது, கடலை விட்டு எங்கோ இருக்கிறேன். இருந்தும் ஞாயிறன்று துணி துவைக்க வாளியை எடுத்தால் மனசு என்னவோ செய்கிறது. நான் பூசை தவறாதவள், நீங்கள் போவதே இல்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் நாம் இருவரும் ஒன்றுதான்.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் பாட்டி பாய் விரிப்பார். மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ஜெபமாலை, 53 மணியும் முடிந்துதான் சோறு. பாட்டி சொல்வது பழைய ஜெபம்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." கடவுள் என்று சொல்ல மாட்டார், சர்வேசுரன் என்பார். 1960-களில் உலகத்து ஆயர்களெல்லாம் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாட்டு மொழியெல்லாம் மாறியது. "அருள்நிறைந்த மரியே வாழ்க" வந்தது, நானும் மாறிக்கொண்டேன். ஐம்பது வருடமாகக் கோயிலில் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் என் கணவருக்கு இருதய ஆபரேஷன் நடந்த அன்று, வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் வாயில் வந்தது பாட்டியின் "பிரியதத்தத்தினாலே". நான் கூப்பிடவில்லை, அதுவே வந்தது.

எங்கள் கரைக்கு 1542-இல் வேதம் போதிக்கச் சவேரியார் (பிரான்சிஸ் சேவியர்) வந்தார். கையில் ஒரு மணியை வைத்து அடித்துக்கொண்டே தெருவில் நடந்து, பிள்ளைகளைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்ய வைத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது, அதுவும் ஜெபமும் மறைக்கல்வியும் சொல்லும் சிறு புத்தகம்தான். இப்படி வாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்தது நம் வாயில் இருக்கிறது. நீங்கள் பத்து வருடத்தில் உதறிவிட முடியவில்லை என்றால் அது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். நம்பிக்கை வேறு, வளர்ப்பு வேறு. முன்னது போயிருக்கலாம். பின்னது உங்கள் உடம்பில் இருக்கிறது.

ஆனால் அந்தத் தூக்கம் வராத ராத்திரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு எங்களைத் தயாரித்த ஆசிரியை ஒருவர், பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும்போது ஒரு பாவத்தை மறந்துவிட்டால்கூட அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்று சொல்லிவிட்டார். ஏழு வயதுப் பிள்ளை நான். எதை மறந்தேனோ என்று இருட்டில் விழித்துக் கிடந்திருக்கிறேன். இந்தப் பயம் கல்யாணமான பிறகும் போகவில்லை. முப்பது வயதில் ஒரு வயதான பாதிரியாரிடம் சொன்னேன். "வேணும்னு மறைச்சாத்தான்மா தப்பு. மறந்ததும் மன்னிப்புல சேர்ந்துடும்" என்றார். திருச்சபையின் போதனை எப்போதும் அதுதான். எனக்குத்தான் தப்பாக வந்து சேர்ந்திருந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். ஒரு குழந்தைக்குக் கடவுளை இப்படிப் பயமாகக் கொடுப்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன். படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆத்தும சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கடுமையாகப் பேசினோம், எதைச் சரி செய்யலாம் என்று ஐந்து நிமிடம் யோசித்தால் போதும். அதற்கு மேல் வருவது அந்தப் பழைய பயம். அதற்கு நீங்கள் எந்தக் கடனும் படவில்லை.

உங்கள் கணவரிடம் "கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவள்" என்று சொல்லுங்கள். அது முழுப் பதில்தான், அரைப் பதில் இல்லை.

அப்புறம் ஞானஸ்நானம். அந்தச் சடங்கில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் "விசுவசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நியாயமான நம்பிக்கை இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே கேட்கிறது. சின்னப் பொய்க்கே தூக்கம் போகிற நீங்கள், அம்மாவின் திருப்திக்காக அங்கே நின்று சொல்லாதீர்கள். என்றாவது மனசு வந்து சொல்ல முடிந்தால் அன்று கொடுங்கள். இதற்கு வயது தடையில்லை.

அம்மா அழுவது ஊருக்காக என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை மோட்சம் பார்க்காது, மோட்சத்துக்கு வெளியே லிம்போ என்ற இடத்திலேயே நிற்கும் என்று கேட்டு வளர்ந்திருப்பார். அந்தப் பயம் லேசானது இல்லை. 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழுவே, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு வெளியிட்ட அறிக்கையில், அந்தக் குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்பக் காரணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. இதைப் போனில் சொல்லாதீர்கள். நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

நீங்கள் கிளம்பும்போது அம்மா குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போடுவார். உங்களுக்கும் போட்டிருப்பார். குழந்தையைக் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்துக் கொடுங்கள்.