ஆடிக்காற்றில் மேற்கே போன கதை

"நண்பரோடு போன நீண்டதூர சைக்கிள் பயணத்தில் உங்களுக்கு மறக்கவே முடியாத நாள் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைத் தெரிந்தவர்கள் வால்பாறை ஏறிய நாளைச் சொல்வேன் என்று நினைப்பார்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு நம்பர் போட்ட பலகை, படம் எடுத்துப் போட வசதியான இடம். ஆனால் எனக்கு மனசில் நிற்பது தாராபுரத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போன நாள்தான். நாற்பது கிலோமீட்டர்கூட முழுசாக வராது, சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடும் கிடையாது.

திட்டம் இதுதான். ஈரோட்டில் கிளம்பி காங்கேயம் வழியாக முதல் நாள் தாராபுரம், இரண்டாம் நாள் உடுமலை வழியாகப் பொள்ளாச்சி, மூன்றாம் நாள் வால்பாறை, அப்புறம் போன வழியே திரும்பி வருவது. பாதை போட்டது நான். ஆடி மாதத்தில் போனதற்குக் காரணம் என் நண்பன். அவனை இங்கேயும் மாப்ள என்றே சொல்லிவிடுகிறேன், நேரில் அப்படித்தான் கூப்பிடுவேன். கல்யாண மேடை அலங்காரம் பண்ணுகிறவன், ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதம் ஆள் சும்மா இருப்பான். நானும் மொபைலில் மேடு பள்ளம் எல்லாம் பார்த்து, எங்கே லாட்ஜ் இருக்கிறது, எங்கே பஞ்சர் கடை இருக்கிறது என்றுகூடக் குறித்துவைத்திருந்தேன். காற்றைப் பார்க்கவில்லை. கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தன் ஆடி மாதத்தில் காற்றைப் பார்க்காமல் பாதை போட்டான் என்றால் அவனை என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாள் தெற்கே போனதால் காற்று வலப்பக்கமிருந்து அடித்தது. வண்டி அடிக்கடி இடதுபக்கம் ஒதுங்கியது, அம்மி பறக்கிறதா பார் என்று சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்குத் தாராபுரத்தில் கிளம்பினோம். ஏழு மணிவரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஆரம்பித்தது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத ஒரு வாசல் இருக்கிறதல்லவா, பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலுக்குள் நெருக்கிக்கொண்டு புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று கிழக்கே பாயும். அதனால்தான் அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலை. நாங்கள் போய்க்கொண்டிருந்தது அந்த வாசலைப் பார்த்து.

வழியெல்லாம் காற்றாலைகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அது உறைக்கவில்லை. மாப்ளதான் ஒரு புளியமரத்தடியில் தண்ணி குடிக்கும்போது சொன்னான்: "டேய், இதுக எல்லாம் காத்து வர்ற பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கும். நமக்கு ஒன்னுகூட மூஞ்சி தெரியல பாரு." அதற்கப்புறம் ஒவ்வொரு காற்றாலையைப் பார்க்கும்போதும் வயிறு கலங்கியது.

சாதாரணமாக மணிக்கு 18, 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் நாங்கள். அன்றைக்கு எட்டைத் தாண்டவில்லை. மேடு என்றால் உச்சி என்று ஒன்று இருக்கும், அது முடிந்தால் இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நாலே அடியில் நின்றுவிடும். காதுக்குள் ஓயாத இரைச்சல், பக்கத்தில் வந்தால்கூடப் பேச முடியாது. எதிரே வருகிற லாரி கடந்து போகும்போது ஒரு அறை விழும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காவிட்டால் மண்ணில் இறங்கிவிடுவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தொடையால் படித்தேன்.

ஒருத்தன் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வது, இன்னொருத்தன் அவன் பின்சக்கரத்தை ஒட்டியே போவது, இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். பின்னால் இருப்பவனுக்கு நிஜமாகவே பாதிப் பளு குறைந்த மாதிரி இருக்கும். மைல்கல்லை எண்ணிக்கொண்டு மாற்றினோம். என் முறையில் இரண்டாவது கல் வந்ததும் கை காட்டி ஒதுங்கிவிடுவேன். ஒரு தடவை கல் வருவதற்கு முன்பே ஒதுங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் முறையில் இரண்டாவது கல் போகும், மூன்றாவது போகும், சில சமயம் நாலாவதும் போகும். எண்ணத் தெரியாதவன் இல்லை, ஒரு மேடைக்கு எத்தனை முழம் பூ என்று கண்ணாலேயே சொல்கிறவன். நானும் "மாப்ள, கல்லு தாண்டிருச்சு" என்று சொல்லவில்லை. அவன் முதுகில் சட்டை படபடப்பதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

பத்து மணிக்கு என் பின்டயர் பஞ்சர். டியூபை மாற்றினோம். அரை கிலோமீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கிவிட்டது. சாலை ஓரம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் நாலைந்து வெள்வேல மரமும். வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏனுங் தம்பி, பஞ்சருங்களா?"

"ரெண்டாந்தடவைங் அப்பாரு" என்றான் மாப்ள.

"முள்ளு ஒடஞ்சு டயருக்குள்ளயே கெடக்கும் பாருங்."

விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டவில்லை. அவர் டயரை வாங்கி, தோள் துண்டின் நுனியைச் சுருட்டி உள்பக்கமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். ஓரிடத்தில் துண்டின் நூல் சிக்கியது. "இங்கதானுங்." அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை எடுத்தார். கறுத்துப்போன இரும்பு, சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். டயரை வெளிப்பக்கமாக மடித்துப் பிடித்து, அதன் நுனியைக் கொடுத்து ஒரு நெம்பு, ஒரு இழு. வெள்வேல முள்ளின் முனை, அரிசியில் பாதிகூட இருக்காது, அவர் உள்ளங்கையில் கிடந்தது. ஆட்டுக் குளம்பில் எடுத்து எடுத்துப் பழகிய கை. காசு கொடுக்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே மாப்ள பையிலிருந்த கடலைமிட்டாயை நீட்டினான், வாங்கிக்கொண்டார். எங்கே போகிறோம் என்று கேட்டார், சொன்னோம்.

"மேக்க போறதுக்கு ஆடியத்தானுங் புடிச்சீங்? ஐப்பசில கெளம்பியிருந்தா காத்தே தள்ளிட்டுப்போயி உட்டுருக்குமுங்."

நான் மாப்ளயைப் பார்த்தேன். இதுதான் சமயம், யார் போட்ட பாதை என்று சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் டியூபுக்குச் சொல்யூஷன் தடவி, காய்வதற்கு ஊதிக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஒரு கம்மங்கூழ் வண்டி. கூழில் மோரை ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர்மிளகாய், ஆளுக்கு இரண்டு சொம்பு. வண்டிக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயைக் காற்று பிய்த்துவிடும்போல இருந்தது. கூழ் ஊற்றிய அக்காவிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது என் குரல் கம்மிவிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டேன்.

இரண்டரை மணிக்கு உடுமலை. பொள்ளாச்சிக்கு இன்னும் 30 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம், இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, ஒரே நேரத்தில் லாட்ஜ் போர்டைப் பார்த்தோம். அவ்வளவுதான். திட்டம் ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் காற்று எழுந்திருப்பதற்கு முன்னால், நாலரைக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பி வெயில் ஏறுவதற்குள் பொள்ளாச்சியில் இருந்தோம்.

வால்பாறையைப் பற்றி என்ன சொல்ல, மழை, குளிர், அட்டை. வளைவில் திரும்பினால் மலை காற்றை மறைத்துக்கொள்கிறது, எனக்கு அதுவே பெரிய சுகமாக இருந்தது.

திரும்பும்போது அதே சாலை, அதே காற்று, இப்போது முதுகில். உடுமலை தாண்டியதும் காற்றாலைகள் அத்தனையும் எங்களுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. மாப்ள சட்டைப் பொத்தானை எல்லாம் கழற்றிவிட்டு, கையை விரித்துக்கொண்டு மிதிக்காமலே போனான். கூழ் வண்டி வந்தது. ஒன்பது மணிதான் ஆகியிருந்தது, பசியே இல்லை, இருந்தாலும் நிறுத்தினோம். அந்த அக்கா சொம்பைக் கழுவிக்கொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"அன்னைக்கு அழுதுட்டே மேக்க போன தம்பி நீங்கதானுங்?"

மாப்ள அப்போதுதான் வாயைத் திறந்தான். "அவனேதானுங்க்கா. பாதையப் போட்டதும் அவனேதான்."