பந்தய ஆப்பில் ஜெயித்த 18,000. முடங்கிய சம்பளக் கணக்கு

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. நண்பர்கள் பேச்சைக் கேட்டு ஒரு பந்தய ஆப்பில் விளையாடினான். கிரிக்கெட்டில் விட்டதுதான் அதிகம். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்து 18,000 ரூபாயைச் சம்பளக் கணக்குக்கு எடுத்தான். இரண்டு வாரத்தில் கணக்கு முடங்கிவிட்டது. வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லி நிறுத்தினோம் என்கிறது வங்கி. உள்ளே 64,000 ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆப்பிலும் 42,000 கிடக்கிறது. அதை எடுக்க முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள். 15,000 கொடுத்தால் மூன்றே நாளில் கணக்கைத் திறந்து தருவதாக டெலிகிராமில் ஒருவர் சொல்கிறார். குதிரைக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, சுப்ரீம் கோர்ட்டே அனுமதித்திருக்கிறது, பயப்படாதே என்கிறான் தம்பியின் நண்பன். தம்பியைக் கைது செய்வார்களா?
– ஒரு வாசகி

பதில்:

முதலில் அந்த 15,000 ரூபாய். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த வாரம் ‘கோர்ட் ஃபீஸ்’ என்று இன்னொரு தொகை கேட்பார்; அதையாவது கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கைது பயத்துக்கு வருகிறேன். ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் மூன்று பேரைத்தான் குறிவைக்கிறது: ஆட்டத்தை நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணம் கைமாற வழிசெய்து கொடுப்பவர். நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளையாடியவருக்கு அதில் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு தாராளமானது அல்ல. ஆன்லைனில் பணம் வைத்துச் சூதாடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் இருக்கிறது. இருப்பதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் தம்பியின் கணக்கு முடங்கியது அவர் விளையாடியதற்காக அல்ல. அவருக்கு வந்த பணம் யாருடையது என்பதுதான் அங்கே கேள்வி.

வங்கி ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த 18,000 எந்தப் பெயரிலிருந்து வந்திருக்கிறது? ஆப்பின் பெயர் அநேகமாக இருக்காது. என்னிடம் வருகிறவர்களின் ஸ்டேட்மெண்டில் ஒரு வரியில் ஏதோ ‘டிரேடர்ஸ்’ என்றிருக்கும். அடுத்த வரியில் முன்பின் தெரியாத ஒருவர் பெயர். மூன்றாவதில் ஒரு ‘எண்டர்பிரைசஸ்’. ஒரே ஆப், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பணம் போட்டிருப்பார். இந்த ஆப்புகள் தங்கள் சொந்தக் கணக்கில் வரவு செலவு வைத்துக்கொள்வதில்லை. கமிஷனுக்கு வாங்கிய வாடகைக் கணக்குகள்தான் அவர்களுக்குக் கல்லாப்பெட்டி. அதே வாடகைக் கணக்கில், வேறெங்கோ ஓடிபி சொல்லி ஏமாந்த ஒரு பெரியவரின் பணமும் வந்து விழுகிறது. அங்கிருந்து உங்கள் தம்பிக்கு ‘ஜெயித்த பணம்’ என்று போகிறது.

ஏமாந்தவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் அடுக்கடுக்காகத் தேடி நிறுத்துவார்கள். முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று போய், நாலாவது அடுக்கில் திருப்பூர்க் கணக்கு ஒன்று அகப்படும். குற்ற விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அப்படி நிறுத்திவைக்கும் அதிகாரத்தைப் போலீஸுக்குத் தருகிறது. பழைய சட்டத்தில் இது 102. நிறுத்தியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதைத்தான் பல இடங்களில் யாருமே படித்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு கேள்வியை உங்கள் தம்பியிடம் தனியாகக் கேளுங்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம், யுபிஐ – இதில் எதையாவது யாருக்காவது பயன்படுத்தக் கொடுத்தாரா? ‘உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, இரண்டு சதவீதம் உனக்கு’ என்று யாராவது சொன்னார்களா? ஆம் என்றால் இந்தப் பதில் அவருக்குப் பொருந்தாது. இன்றைக்கே ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். அது விளையாடிய கதை இல்லை, மோசடிக்குத் துணைபோன கதை.

இல்லை என்றால், கைது என்பது தொலைவில்தான் இருக்கிறது. போலீஸ் கடிதம் வந்தால் அதே சன்ஹிதாவின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 94 என்றால் ஆவணம் கேட்கிறார்கள். 179 என்றால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்று போட்டிருந்தால் சந்தேக வரிசையில் வைத்திருக்கிறார்கள், வக்கீலோடு போக வேண்டும். வீடியோ காலில் வந்து ‘நீ கைது’ என்று சொல்பவன் போலீஸே இல்லை.

இனி அந்த டெலிகிராம் ஆள். கணக்கு முடக்கம் பெருகிய பிறகு இது ஒரு தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. உங்கள் தம்பி ஏதாவது ஒரு குழுவில் ‘கணக்கு ஃப்ரீஸ் ஆகிவிட்டது, உதவி தேவை’ என்று எழுதியிருப்பார். ஐந்து நிமிடத்தில் தனிச் செய்தி வந்திருக்கும். வக்கீல் கோட்டுப் போட்ட படம், ‘என்ஓசி (போலீஸின் தடையில்லாச் சான்று) வாங்கித் தருகிறோம்’ என்ற வாசகம், ஏற்கெனவே திறந்து கொடுத்ததாக நாலைந்து ஸ்கிரீன்ஷாட். பணம் போனதும் ஒரு கடிதம் அனுப்புவார். போலீஸ் முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும். போன மாதம் ஒருவர் அப்படிப்பட்ட கடிதத்தை லேமினேட் செய்தே கொண்டுவந்திருந்தார், பாவம். ஸ்டேஷன் பெயரே அதில் தப்பாக இருந்தது. வங்கி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டது. போலியான போலீஸ் கடிதத்தை வங்கியில் நீட்டியதற்காக அவர் மேலேயே வழக்குப் போட்டிருக்கலாம் என்பது அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

இன்னொரு வகை புரோக்கர் உண்டு. ‘புகார் கொடுத்தவரிடம் பேசி முடித்துவிடலாம், அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு’ என்பார். உங்களுக்கும் புகார்தாரருக்கும் நடுவில் அவர் யார்? பணத்தை அவர் யாரிடம் கொடுப்பார்? மூன்றாவது வகை, கணக்கைத் திறக்க ‘சரிபார்க்க வேண்டும்’ என்று நெட் பேங்கிங் பாஸ்வேர்டு கேட்பவர். முடங்கிய கணக்கில் என்ன எடுத்துவிடப் போகிறான் என்று நினைக்காதீர்கள். திறக்கிற நாளுக்காகக் காத்திருப்பான்.

ஆப்பில் கிடக்கும் 42,000 பற்றி: ‘முதலில் வரி கட்டு’ என்பது சுத்தமான ஏமாற்று. ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீத வருமான வரி உண்டு என்பது உண்மைதான். 2023 முதல் அதற்கென்று தனி விதியே இருக்கிறது. ஆனால் அதை உங்களுக்குத் தரவேண்டிய பணத்தில் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். நீங்கள் உங்கள் கையிலிருந்து, அதுவும் ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு, வரி கட்டுகிற ஏற்பாடு இந்த நாட்டில் கிடையாது. கோர்ட்டுக்குப் போய் வாங்கலாமா என்றால் அதுவும் முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்ததைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. அந்த 42,000 என்பது திரையில் தெரியும் ஒரு எண். அவ்வளவுதான்.

‘குதிரைக்கு விலக்கு இருக்கிறது’ என்று நண்பர் சொன்னதற்குப் பதில் சொல்லாவிட்டால் உங்கள் தம்பி விடமாட்டார் என்று தெரிகிறது. இதில் இரண்டு குதிரைகள் இருக்கின்றன, நண்பர் இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டியிருக்கிறார்.

ஒன்று, 30-ஆம் பிரிவிலேயே இருக்கிற விலக்கு. குதிரைப் பந்தயத்தில் முதலில் வரும் குதிரைக்கு 500 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசு தருவதற்காக நாலுபேர் சேர்ந்து பணம் போடுகிறார்கள் என்று வையுங்கள். போடுகிறேன் என்று ஒப்புக்கொண்ட அந்தச் சந்தா செல்லும் என்கிறது சட்டம். இது குதிரை வைத்திருப்பவருக்கும் பந்தயம் நடத்துபவருக்குமான விஷயம். 1872-ல் 500 ரூபாய் என்பது சின்னத் தொகை அல்ல. கனவான்களின் விளையாட்டுக்குக் கொடுத்த சலுகை அது. வெளியில் நின்று ‘அந்தக் குதிரை ஜெயிக்கும்’ என்று பணம் கட்டுபவருக்கும் இந்த விலக்குக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று, 1996-ல் கிண்டி ரேஸ் சம்பந்தப்பட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, குதிரையின் வம்சம், ஜாக்கி, எடை, ஓடுதளம் எல்லாம் பார்த்துக் கணிக்கிற திறமை இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. அதனால் ரேஸ் மைதானத்துக்குள்ளே, கிளப்பின் ஏற்பாட்டில் கட்டுகிற பந்தயம் சூதாட்டச் சட்டத்தில் வராது. மைதானத்துக்குள்ளே. இந்த வார்த்தையை நண்பர் விட்டுவிட்டார். உங்கள் தம்பி கிண்டிக்கும் போகவில்லை, ஊட்டிக்கும் போகவில்லை. எந்த நாட்டிலிருந்து ஓடுகிறது என்றே தெரியாத ஒரு ஆப்பில், எந்தக் குதிரை எங்கே ஓடியது என்றுகூடப் பார்க்காமல் கட்டியிருக்கிறார். அது நிஜக் குதிரைதானா, கம்ப்யூட்டர் வரைந்த குதிரையா என்று கேட்டுப் பாருங்கள். போதாததற்கு, 2025-ஆம் ஆண்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கிற ஆன்லைன் விளையாட்டு என்றால் இரண்டும் ஒன்றுதான். ஆக, குதிரையை வைத்துக்கொண்டு கணக்கைத் திறக்க முடியாது. போலீஸிடம் இந்த வாதத்தை எடுக்கவே வேண்டாம்.

சரி, கணக்கைத் திறக்கும் வழி. வங்கிக்கு நேரில் போய் வாயால் கேட்டால் ‘போலீஸைக் கேளுங்கள்’ என்பார்கள். போலீஸுக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் ‘மெயில் அனுப்பு’ என்பார்கள். மெயில் அனுப்பினால் பதில் வராது. சட்டத்தை அவசரமாகப் போடுகிறவர்கள் இந்த முக்கோணத்தில் மாட்டிக்கொண்ட சம்பளக்காரனை ஒரு நிமிடமாவது நினைத்திருக்கலாம். அதனால் எல்லாவற்றையும் எழுத்தில் செய்யுங்கள்.

கிளை மேலாளருக்கு ஒரு கடிதம். நாலு விஷயம் கேளுங்கள்: சைபர் குற்றப் புகாரின் எண், முடக்கச் சொன்ன போலீஸ் நிலையமும் அதன் மின்னஞ்சலும், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு, முழுக் கணக்கையும் நிறுத்தச் சொன்னார்களா அல்லது அந்தத் தொகையை மட்டுமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். பல நேரம் போலீஸ் குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைக்கத்தான் சொல்லியிருக்கும். வங்கி தன் வசதிக்கு மொத்தத்தையும் பூட்டியிருக்கும். கடிதத்தின் நகலில் சீல் போட்டு வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். அவர் கணக்கைத் திறந்து தரமாட்டார், ஆனால் அந்தப் புகார் போனால் கிளையில் கடிதம் எழுத ஆள் கிடைத்துவிடுவார்கள்.

அடுத்து அந்தப் போலீஸ் நிலையத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும். ஆறு மாத ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, ஆதார் நகல். 18,000 எப்படி வந்தது என்பதை உள்ளபடி எழுத வேண்டும். ‘நண்பன் கொடுத்த கடன்’ என்று புரோக்கர்கள் எழுதச் சொல்வார்கள்; ஸ்டேட்மெண்டே அதைப் பொய்யாக்கிவிடும். அதே சமயம், விளையாடியதை எழுதினால் அது ஒப்புதல் மாதிரி ஆகிவிடும் என்பதால் அந்த ஒரு பத்தியை மட்டும் வக்கீல் பார்த்துத் திருத்திய பிறகு அனுப்புங்கள். 18,000 வரை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மீதி சம்பளப் பணத்தை விடுவியுங்கள் என்பதே கோரிக்கை.

அசையவில்லை என்றால் கோர்ட். முடக்கச் சொன்ன போலீஸ் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடம் அதே சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் மனுப் போடலாம், ஆனால் மொழி தெரியாத ஊருக்கு யார் அலைவது? வங்கிக் கிளை இங்கே இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுகிறோம். 2024-ல் இப்படி ஒரு வழக்கில், சந்தேகத் தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது பிழைப்பையே பாதிக்கும் என்று சொல்லி, குறிப்பிட்ட தொகையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பயன்படுத்த அந்த நீதிமன்றம் அனுமதித்தது. செலவுக் கணக்கையும் பாருங்கள். 18,000-ஐ மீட்க ரிட் போடுவது அபத்தம். மாட்டியிருப்பது 64,000, அதோடு மாதாமாதம் வரும் சம்பளம் என்பதால்தான் சொல்கிறேன்.

அதுவரைக்கும் கம்பெனியில் சொல்லி அடுத்த சம்பளத்தை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பைக் லோன் தவணை இந்தக் கணக்கிலிருந்து போகிறது என்றால், கணக்கு முடங்கியிருக்கிறது என்ற வங்கிக் கடிதத்தை வைத்து லோன் கொடுத்தவர்களுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். தவணையை வேறு வழியில் கட்டி ரசீது வாங்குங்கள். அந்த ஆப்பை போனிலிருந்து அழிக்கும் முன், பணம் போட்டது எடுத்தது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான்.