மின்தூண்டல் எண்ணை (இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டம் மாறுவதைக் கடத்தி எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவை) துல்லியமாகக் கணக்கிட, சிமுலேஷனில் கடத்தியை எத்தனை துண்டுகளாகப் பிரிக்க வேண்டும்?

எல்லாக் கடத்திகளுக்கும் பொருந்தும் ஒரே எண்ணிக்கை கிடையாது. மின்னோட்ட அடர்த்தி எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் நெருக்கமாகப் பிரிக்க வேண்டும், மற்ற இடங்களில் பிரிப்பது வீண் வேலை. ஐபிஎம் நிறுவனத்தின் ஆல்பர்ட் ரூலி 1972இல் முன்வைத்த பகுதித் தூண்டல் முறையும் (ஒவ்வொரு துண்டின் தூண்டலையும் தனித்தனியே கணக்கிட்டுச் சேர்க்கும் முறை), அதே வழியில் எம்.ஐ.டி.யில் உருவாகி 1994இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் விவரிக்கப்பட்ட, தூண்டல் எண்ணைக் கணக்கிடும் ஃபாஸ்ட்ஹென்ரி மென்பொருளும், கடத்தியை இணையான பல இழைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இழைக்குள்ளும் மின்னோட்டம் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்கின்றன. இந்த அனுமானம் பொய்க்கும் இடத்தில்தான் பிழை நுழைகிறது.

நேர்மின்னோட்டத்தில் நேரான தடத்துக்கு, அதாவது மின்சுற்றுப் பலகை மீதுள்ள செம்புப் பட்டைக்கு, ஒரே இழை போதும். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் ஓரங்களுக்கு ஒதுங்குகிறது. செம்பில் அதன் ஊடுருவல் ஆழம், அதாவது ஸ்கின் டெப்த், 1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 66 மைக்ரோமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸில் 6.6. பிசிபியில் (மின்சுற்றுப் பலகையில்) 500 மைக்ரோமீட்டர் அகலமும் 35 மைக்ரோமீட்டர் தடிமனும் உள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். 1 மெகாஹெர்ட்ஸில் தடிமனைப் பிரிக்கத் தேவையில்லை. அகலத்தை மட்டும் 1, 2, 4, 8, 4, 2, 1 என்ற விகிதத்தில் ஏழு இழைகளாக்கினால் ஓர இழை சுமார் 23 மைக்ரோமீட்டராக அமைகிறது. சம அகல இழைகளால் இதே நுணுக்கத்தைப் பெற 22 இழைகள் தேவைப்படும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு இதே இரட்டிப்பு விகிதத்தில் அகலத்தில் 11, தடிமனில் 5 என்று 55 இழைகள் வேண்டும். இழைகளின் எண்ணிக்கை இரட்டித்தால் இழைகளுக்கிடையிலான தூண்டல்களை அடுக்கிய அணியின் (மேட்ரிக்ஸ்) உறுப்புகள் நான்கு மடங்காகும் என்பதால், இந்தச் சிக்கனம் அற்பமானதன்று.

உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் காந்த ஆற்றலைக் குறைக்கும் வகையில் தன்னைப் பங்கிட்டுக்கொள்கிறது. இழைகள் பருமனாக இருந்தால் அந்தச் சுதந்திரம் பறிபோவதால், கிடைக்கும் தூண்டல் எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இழைகளை நுணுக்கும்போது மதிப்பு மேலிருந்து இறங்கி நிலைபெற வேண்டும். மின்தடை அவ்வளவு எளிதில் நிலைபெறாது. தூண்டல் எண் நின்றுவிட்டது என்பதற்காக அதே பிரிப்பில் கிடைத்த மின்தடையை நம்பி, சுருளின் கியூ மதிப்பை, அதாவது அதன் தூண்டல் மறுப்புக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதத்தை, கணக்கிட வேண்டாம்.

நீளவாட்டில் பலர் தேவையின்றி வெட்டுகிறார்கள் என்பது என் கருத்து. தனித்த நேரான கம்பியை நூறு துண்டாக்கினாலும் துண்டுகளின் தன் தூண்டல் எண்களும், ஒன்று மற்றொன்றின் மீது ஏற்படுத்தும் பரிமாற்றுத் தூண்டல் எண்களும் சேர்ந்த கூட்டுத்தொகை ஏறக்குறைய அதேதான். திருப்பங்கள், வயாக்கள் (பலகையின் அடுக்குகளை இணைக்கும் உலோகத் துளைகள்), அகலமான கிரவுண்டு பிளேன் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் செம்புத் தளம்) ஆகியவை வேறு வகை: அங்கே மின்னோட்டம் திசை மாறிப் பரவுவதால் நீளம், அகலம் இரண்டிலும் பிரித்த வலைப்பின்னல் தேவை, அதுவும் மின்னோட்டம் நுழையும் புள்ளிக்கு அருகில் நெருக்கமாக.

வட்டச் சுருளை எட்டுப் பக்க உட்பலகோணமாக வரைந்தால் பரப்பில் 10 விழுக்காடு காணாமல் போகும். 32 பக்கங்களில் இழப்பு 0.7 விழுக்காட்டுக்கும் கீழ். உங்கள் அமைப்பைச் சோதிக்க, 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளையத்தை 0.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டைக் கம்பியால் அமைத்துப் பாருங்கள். சூத்திரப்படி தாழ் அதிர்வெண்ணில் சுமார் 41.8 நானோஹென்ரியும், மின்னோட்டம் முழுதும் மேற்பரப்புக்கு வந்தபின் சுமார் 38.6 நானோஹென்ரியும் கிடைக்க வேண்டும். ஃபாஸ்ட்ஹென்ரி செவ்வகக் குறுக்குவெட்டை மட்டுமே ஏற்பதால், தாழ் அதிர்வெண் சோதனைக்குக் கம்பி ஆரத்தின் 1.74 மடங்கைச் சதுரத்தின் பக்கமாகக் கொடுங்கள்.