பொறியியல் மரப் பலகைகள் உண்மையான மரத்துக்கு ஈடாகுமா?

"மரத்தூளையும் பசையையும் குழைத்து அழுத்தியதுதானே, இதில் புதிதாக என்ன வந்துவிட்டது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் மரவேலை தொடங்கும் நேரத்தில் ஆளுக்கொன்று சொல்லக் கேட்டுக் குழம்பியிருப்பீர்கள் என நினைக்கிறேன். மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டும் பிளைவுட் ஆலையொன்றின் தரப் பரிசோதனைப் பிரிவில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவன் என்பதால், இந்தப் பேச்சைக் கேட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஆலைக்கு வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், ஈரம் பட்டால் ஒட்டு விட்டுத்தான் போகும் என்று இதே தொனியில் அடித்துச் சொன்னார். கொதிநீரில் பல மணி நேரம் கிடந்த ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, அவர் கண்ணெதிரே அடுக்குகளுக்கிடையில் உளியைச் செலுத்தி நெம்பினேன். பிளந்த முகத்தில் வழவழப்பான பசையைக் காணவில்லை. கிழிந்த மர நார்களே இருபுறமும் அப்பிக் கிடந்தன. பசை விடுவதற்கு முன் மரமே கிழிந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். ஒட்டின் தரத்தை நாங்கள் கணிப்பதும் அந்த நாரைப் பார்த்துத்தான்.

என்னைக் கேட்டால், அண்மைக் கால முன்னேற்றத்தில் பெரும்பகுதி பசையில்தான் நடந்திருக்கிறது. பலகைகளை ஒட்டப் பயன்படும் யூரியா பிசினிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைச்சாங் லி என்பவர், கடற்பாறையைச் சிப்பிகள் பற்றிக்கொள்ள உதவும் புரதத்தைக் கவனித்து, ஃபார்மால்டிஹைடு சேர்க்காத சோயாப் பசையை உருவாக்கினார். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்யும் சி.எல்.டி. என்ற கட்டுமானப் பலகையில், தீப்பிடிக்கும்போது கரிந்த அடுக்கு கழன்று விழுந்து புது மரம் எரியத் தொடங்குவது பெருங்குறையாக இருந்தது. இதைத் தடுக்க, வெப்பத்தைத் தாங்கும் பசையை வட அமெரிக்கத் தரநிலை 2018-இல் கட்டாயமாக்கியது. மில்வாக்கி நகரில் 2022-இல் முடிந்த அசென்ட் கட்டடம், கான்கிரீட்டாலான கீழ் மாடிகளின் மேல் இத்தகைய ஒட்டு மரத்தாலான சட்டகமாக எழுந்து, 25 மாடிகளுடன் 86 மீட்டருக்கு மேல் நிற்கிறது. பசையே இல்லாத வழியும் உண்டு: மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 2018-இல், மரத்தை ரசாயனக் கரைசலில் வேகவைத்து மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளில் ஒரு பகுதியை நீக்கி, சூடாக அழுத்தி, அதன் வலிமையைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்திக் காட்டினார்கள்.

ஆலைக்காரன் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று சிலர் எழுதக்கூடும். மலிவான துகள் பலகை தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்பதை நான் மறுக்கவேயில்லை. எந்தப் பிசின் என்பதை மறைத்து, பளபளக்கும் மேல்தாளை மட்டும் காட்டி விற்பவர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. அவர்களால்தான் ஒழுங்காகச் செய்யப்பட்ட பலகைக்கும் கெட்ட பெயர். நீங்கள் வாங்கும்போது பிசினின் பெயரையும் ஃபார்மால்டிஹைடு வெளியீட்டுத் தரத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஈரம் படும் இடங்களுக்குப் பீனாலிக் பிசினால் ஒட்டியதையே எடுங்கள். வெட்டிய விளிம்பில் அதன் பசைக்கோடு பெரும்பாலும் கரும்பழுப்பாகத் தெரியும்.